கிறிஸ்மஸ் மார்க்கெட்ல காசையும் குடுத்துட்டு பசியோட திரும்பாம இருக்கணும்னா

ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர்ல அம்மாவும் அப்பாவும் கோவில்பட்டில இருந்து ஜெர்மனிக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. அவங்க பாக்குற முதல் பனிக்காலம், நல்லா கூட்டிட்டுப் போய் காட்டணும்னு ஆசைப்பட்டு ஒரு பெரிய ஊர் கிறிஸ்மஸ் மார்க்கெட்டுக்குள்ளயே மரப்பலகையால கட்டியிருந்த ஒரு பெரிய குடில் ரெஸ்டாரன்ட்ல, பண்டிகை விருந்துன்னு போட்டிருந்ததை ஆன்லைன்லயே ஆளுக்கு 49 யூரோ கட்டி புக் பண்ணிட்டேன். போட்டோல வாத்துக்கறி பொன்னிறமா மினுங்குது, பக்கத்துல மெழுகுவர்த்தி, அதைப் பாத்தே மனசு நிறைஞ்சு போச்சு எனக்கு. அம்மா முட்டை வரைக்கும் சாப்பிடுவாங்க, கறி மீன் தொட மாட்டாங்க, அதனால புக் பண்ணும்போது சைவம்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சிருந்தேன். அப்பாவுக்கு மாட்டுக்கறி மட்டும் ஆகாது, மத்தது எல்லாம் ஓகே.

வந்தது என்னன்னா, அப்பாவுக்கு ஓரம் எல்லாம் காஞ்சு போன ஒரு வாத்துக்கால், உள்ள எலும்புகிட்ட ஜில்லுனு இருந்துச்சு. அம்மாவுக்கு ஒரு உருளைக்கிழங்கு உருண்டை, பக்கத்துல சிவப்பு முட்டைக்கோஸ், அவ்ளோதான். அதாவது எங்க தட்டுல கறியை எடுத்துட்டா என்ன மிஞ்சுமோ அதுதான் சைவ சாப்பாடு. அந்த முட்டைக்கோஸை அம்மா ரெண்டு வாய் வச்சுட்டு ஸ்பூனை கீழ வச்சுட்டாங்க, ஒரு மாதிரி வாடை அடிக்குதுப்பான்னாங்க. நான் எடுத்துப் பாத்தா ஆறின கோஸ் மேல வெள்ளையா மெல்லிசா கொழுப்பு படிஞ்சிருக்கு, வாத்துக்கொழுப்புலதான் வதக்கியிருக்காங்க. கேட்டதுக்கு பரிமாறுன பையன் ரொம்ப சாதாரணமா ஆமா எப்பவும் அப்படித்தான்னு சொல்றான். அம்மா ஒண்ணும் சொல்லல, "விடுப்பா, எனக்குப் பசிக்கல"ன்னாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து தயிர் சாதமும் நார்த்தங்கா ஊறுகாயும் போட்டு சாப்பிட்டாங்க, அப்போ அவங்க சாப்பிட்ட வேகத்தைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. அத்தனை கிலோமீட்டர் தாண்டி வந்தவங்களை நாலு மணி நேரம் பட்டினி போட்டிருக்கேன்.

அடுத்த வருஷம் அவங்க திரும்ப வந்தப்ப நியூரம்பெர்க் கூட்டிட்டுப் போனேன், ரொம்ப நல்லா அமைஞ்சுது. நடுவுல நான் என்னென்ன தெரிஞ்சுக்கிட்டேனோ அதைத்தான் எழுதுறேன், அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, கிறிஸ்மஸ் மார்க்கெட் உக்காந்து விருந்து சாப்பிடுற இடம் கிடையாது. நம்ம ஊர் திருவிழாக் கடை மாதிரிதான், நின்னுக்கிட்டு சூடா ஒண்ணு வாங்கி சாப்பிட்டு, நாலு அடி நடந்து இன்னொண்ணு சாப்பிடணும். கண்ணு முன்னாடி செய்யுற சாப்பாடுதான் அங்க நல்லாருக்கும். மார்க்கெட்டுக்குள்ள நாலு வாரத்துக்கு மட்டும் போடுற பெரிய குடில்கள் எத்தனையோ இடத்துல சமையலை வேற எங்கயோ முடிச்சு கொண்டு வந்து சூடு பண்ணிதான் குடுக்குறாங்க, வேலைக்கு இருக்கறதும் சீசனுக்கு வந்த ஆளுங்க, ஒரு டேபிளுக்கு ஒன்றரை மணி நேரம்தான், அதுக்குள்ள அடுத்த குரூப் வாசல்ல வந்து நிக்கும். எல்லா இடமும் அப்படின்னு சொல்லல, ஆனா முழு காசையும் முன்கூட்டியே கட்டச் சொல்ற இடத்துல மட்டும் ரெண்டு தடவை யோசிங்க, ஏன்னா காசு போனதுக்கு அப்புறம் அங்க நம்ம பேச்சுக்கு மதிப்பு இல்ல.

சரி, ஸ்டால்ல எப்படிப் பாத்து வாங்குறது. ரைபகூகன்னு ஒண்ணு இருக்கு, கொலோன் பக்கம் அந்தப் பேரு, மத்த ஊர்கள்ல கார்டோஃபல்புஃபர்னு எழுதியிருக்கும், உருளைக்கிழங்கைத் துருவி வெங்காயம் முட்டை கொஞ்சம் மாவு சேத்து எண்ணெயில தட்டிப் போடுறது, நம்ம அடைக்கு தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். ஆப்பிள் கூழ் தொட்டு சாப்பிடுவாங்க, வழக்கமா மூணு குடுப்பாங்க. இதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா நின்னு கல்லைப் பாருங்க. கரண்டில மாவை எடுத்து எண்ணெயில விட்டதும் ஓரமெல்லாம் துருவல் துருவலா பிரிஞ்சு நூல் நூலா பொரியணும், நடுவுல இன்னும் ஈரமா வெளுப்பா இருக்கும்போதே ஓரம் பழுப்பாயிடும், அந்தக் கடையில வாங்கலாம். அதுவே ஒரு ஓரமா இருபது முப்பது சுட்டு அடுக்கி மேல லைட் போட்டு சூடா வச்சிருந்தாங்கன்னா வேணாம், ஒண்ணு மேல ஒண்ணு ஆவி பட்டு நமுத்துப் போயிருக்கும், எண்ணெய் முழுக்க உள்ள இறங்கியிருக்கும். அம்மாவுக்கு ரெண்டாவது தடவை இதைத்தான் வாங்கிக் குடுத்தேன், ஆப்பிள் கூழை ஒதுக்கி வச்சுட்டு பையில கொண்டு வந்திருந்த இட்லிப்பொடியைத் தூவி மூணையும் சாப்பிட்டாங்க.

கறி சாப்பிடறவங்களுக்கு நியூரம்பெர்க்ல குட்டி வறுத்த சாசேஜ், விரல் நீளம்தான், 7ல இருந்து 9 சென்டிமீட்டர், ஒண்ணு 20, 25 கிராம் தேறும், மார்ஜோரம்னு ஒரு இலை போட்டு வாசனையா இருக்கும். அந்தப் பேருக்கு 2003ல இருந்து ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பு இருக்கு, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு புவிசார் குறியீடு இருக்குல்ல அதே மாதிரி, நியூரம்பெர்க் ஊருக்குள்ள செஞ்சாதான் அந்தப் பேரை வைக்க முடியும். ஒரு பன்னுல மூணு வச்சுத் தருவாங்க, டிரை இம் வெக்லான்னு கேக்கணும், அந்த ஊர் பேச்சுவழக்குல வெக்லான்னா சின்ன ரொட்டி. ஆனா இது பன்னிக்கறி, அது ஆகாதவங்க கவனிச்சுக்கோங்க. பொதுவா ஜெர்மனில சாசேஜ்னு சும்மா எழுதியிருந்தா பன்னிக்கறின்னே எடுத்துக்கறது சேஃப். ஃபிராங்ஃபர்ட்ல ரிண்ட்ஸ்வுர்ஸ்ட்னு ஒண்ணு மாட்டுக்கறில வரும், ரிண்ட்னாலே மாடு, குலாஷ் சூப்பும் பெரும்பாலும் மாடுதான். அப்பா மாதிரி ஆளுங்க இருந்தா இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது போர்டுல தேடிப் பாருங்க.

சைவம் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா ஏமாந்ததே அதுலதான். காய்கறி மாதிரி தெரியுற எத்தனையோ ஐட்டத்துல கறியோ கொழுப்போ ஒளிஞ்சிருக்கும். சிவப்பு முட்டைக்கோஸ்ல வாத்துக்கொழுப்பு, சாவர்கிராவுட்னு சொல்ற புளிக்க வச்ச முட்டைக்கோஸ்ல பன்னிக்கொழுப்புத் துண்டு, வறுத்த உருளைக்கிழங்குல ஷ்பெக்னு சொல்ற பன்னிக்கறிப் பொடித்துண்டு, வடக்குப் பக்கம் கிரூன்கோல்னு ஒரு கீரை சமைப்பாங்க அதுல சாசேஜோட சேத்தே வேக வைப்பாங்க, உருளைக்கிழங்கு சூப்புல சாசேஜ் துண்டு மிதக்கும். ஃப்ளாம்கூகன்னு மெல்லிசா பீட்சா மாதிரி ஒண்ணு, அதோட ஒரிஜினல் வகையே ஷ்பெக் போட்டதுதான். அதனால வெஜிடேரியனான்னு மட்டும் கேட்டா பத்தாது, கறித்துண்டு இல்லன்னாலே நம்மள மாதிரி ஆளுக்கு போதும்னு நெனச்சு ஆமான்னு தலையாட்டிடுவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, கூட்டத்துல அவங்களுக்கு யோசிக்க நேரம் கிடையாது. ஓன ஃப்ளைஷ், ஓன ஷ்பெக், ஓன ஷ்மால்ஸ்னு மூணையும் தனித்தனியா சொல்லிக் கேளுங்க, கறி இல்லாம, பன்னித்துண்டு இல்லாம, மிருகக்கொழுப்பு இல்லாமன்னு அர்த்தம். ஓனன்னா இல்லாம, அந்த ஒரு சொல் தெரிஞ்சாலே பாதி ஜெர்மனில பொழைச்சுக்கலாம்.

நம்பி வாங்கலாம்னா கேஸஷ்பெட்ஸ்லே, சின்னச் சின்ன மாவுத்துண்டுல சீஸ் உருக்கி மேல வறுத்த வெங்காயம் போட்டுத் தருவாங்க, முட்டை உண்டு, பேருக்குப் பக்கத்துல ஷ்பெக்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. பெரிய சட்டியில வதக்குற காளான் பூண்டு சாஸோட வரும், அதுலயும் ஷ்பெக் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. டாம்ஃப்நூடல்னு ஆவியில வேக வச்ச பெரிய பன்னு மேல வெனிலா சாஸ் ஊத்தி குடுப்பாங்க, பல்லு இல்லாத தாத்தா கூட சாப்பிடலாம். அப்புறம் சுட்ட செஸ்ட்நட், ஹைஸ மரோனின்னு எழுதியிருக்கும், கையில வச்சுக்கிட்டாலே சூடா இருக்கும், அப்பா அதை உரிச்சு சாப்பிட்டுட்டு பனங்கிழங்கு மாதிரி இருக்குன்னார், யோசிச்சுப் பாத்தா அந்த மாவு ருசி சரியாத்தான் இருக்கு.

சர்க்கரைப் பாகுல புரட்டின பாதாம் வாசனை மார்க்கெட் முழுக்க அடிக்கும், அதுல ஒரு விஷயம், போர்டுல பெருசா போட்டிருக்கறது 100 கிராம் விலை, நீங்க ஒண்ணு குடுங்கன்னா பெரிய கூம்புல அள்ளிப் போட்டு 200, 250 கிராமுக்கு காசு சொல்றது உண்டு. வாயைத் திறந்து 100 கிராம்னு சொல்லிடுங்க. தாமிரச் சட்டியில அப்பதான் கிண்டிக்கிட்டு இருந்தா கொஞ்சம் நின்னு அந்தச் சூட்டுல வாங்குங்க. ரிப்பன் கட்டித் தொங்க விட்டிருக்க இதய வடிவ லெப்கூகன்னு ஒரு மசாலா பிஸ்கட் இருக்கே, அது கழுத்துல மாட்டி போட்டோ எடுக்கறதுக்கு, கடிச்சா பல்லு வலிக்கும், அதைச் சாப்பிட்டுட்டு லெப்கூகனே நல்லால்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. எலீசன் லெப்கூகன்னு கேட்டு வாங்குங்க, அந்தப் பேரு போடணும்னா பாதாம், ஹேசல்நட், வால்நட்னு பருப்பு குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும், மாவு 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. உள்ள மெத்துன்னு இருக்கும், ஒண்ணு வாங்கி நாலு பேர் பிச்சு சாப்பிட்டாலே போதும்.

டிரெஸ்டன் பக்கம் போறவங்க ஷ்டோலன்னு திராட்சை போட்ட கிறிஸ்மஸ் கேக் வாங்குவீங்க, அங்க மார்க்கெட் 1434லயே ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்கள் விரத காலம், நம்ம மார்கழி மாதிரி, வெண்ணெய் கூட சேக்கக் கூடாது, எண்ணெய் ஊத்தி வறவறன்னு செஞ்சிருக்காங்க, அப்புறம் 1491ல போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் கடிதம் எழுதி வெண்ணெய் போட்டுக்கோங்கன்னு அனுமதி குடுத்தார். அம்மாகிட்ட இதைச் சொன்னதும் அவங்களுக்கு ஷ்டோலன் மேலயே ஒரு மரியாதை வந்துடுச்சு, வருஷா வருஷம் திருப்பாவை முடியுற வரைக்கும் விடியக்காலைல குளிக்கிறவங்க அவங்க. வெட்டிப் பாத்தா திராட்சையும் வெண்ணெயும் நிறைஞ்சு ஈரப்பதமா இருக்கணும், பொடிப்பொடியா உதிர்ந்தா பழசு.

குடிக்கிறதுல க்ளூவைன்னு சூடு பண்ணின மசாலா ஒயின். விதிப்படி ஆல்கஹால் 7 சதவீதத்துக்குக் கம்மியா இருக்கக் கூடாது, சூடா இனிப்பா இருக்கறதால மடக்குமடக்குன்னு உள்ள போயிடும், வெறும் வயித்துல குடிச்சா தலை சுத்தும், சக்கரை உள்ளவங்க அந்த இனிப்பையும் யோசிக்கணும். மிட் ஷுஸ்னு போட்டிருந்தா ரம்மோ வேற சாராயமோ கூடுதலா ஊத்துவாங்க. குடிக்காதவங்களுக்கு கிண்டர்புன்ஷ், பழச்சாறுல பட்டை கிராம்பு போட்டது, பெரியவங்களும் வாங்கலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. கப்புக்கு தனியா மூணு நாலு யூரோ டெபாசிட் வாங்குவாங்க, அதுக்குப் பேரு பிஃபாண்ட், கப்பைத் திருப்பிக் குடுத்தா காசு வந்துடும், வச்சுக்கணும்னா வச்சுக்கலாம். இது தெரியாம ஒரு டம்ளர் எட்டு யூரோவான்னு அப்பா கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டார் முதல் வருஷம். சில்லறையா நோட்டும் காசும் கொண்டு போங்க, கார்டு எல்லா ஸ்டால்லயும் எடுக்க மாட்டாங்க.

நேரம்தான் ரொம்ப முக்கியம், சாப்பாட்டோட தரமே நேரத்துல மாறுது. வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் போகாதீங்க, வயசானவங்களோட கண்டிப்பா வேணாம், தோளோட தோள் இடிச்சுக்கிட்டு கையில தட்டோட நிக்க முடியாது. செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள், காலைல பதினொன்றரைக்கு போயிடுங்க. நியூரம்பெர்க்ல மார்க்கெட் 10 மணிக்கே திறக்கும், 12 மணிக்கு ஃப்ராவன்கிர்ஹ சர்ச் மணிக்கூண்டுல ஏழு பொம்மைங்க நாலாம் கார்ல் சக்கரவர்த்தியை சுத்தி வரும், 1509ல இருந்து நடக்குது, அதைப் பாத்துட்டு உடனே சாப்பிட்டா ஒரு மணிக்குள்ள வயிறு நிறைஞ்சிடும். அப்புறம் ரெண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி கஃபேல போய் உக்காந்துடுங்க, மார்க்கெட்ல இருக்கறது எல்லாம் நின்னுக்கிட்டே சாப்பிடுற உயரமான மேஜைதான், அம்மாவுக்கு முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது. டாய்லெட்டும் கஃபேலயே முடிஞ்சிடும், இல்லன்னா வெளிய காசு குடுத்து தேடணும். நாலரைக்கெல்லாம் இருட்டிடும், அப்போ திரும்பி வந்து விளக்கு பாத்துட்டு ஒரு சூடான கப்போட ஆறு மணிக்குள்ள கிளம்பிடலாம், கூட்டம் உள்ள வர்ற நேரத்துல நாம வெளிய போறோம். சாப்பாடு வாங்கினா அந்த ஸ்டால் ஓரத்துலயே நின்னு சாப்பிட்டுடுங்க, அந்தக் குளிர்ல மூணு நிமிஷத்துல ஆறிடும், நாலு ஐட்டம் ஒண்ணா வாங்கி டேபிள் தேடி அலைஞ்சா கடைசில சாப்பிடறது எல்லாமே பச்சைத்தண்ணி. ஒரு ஃப்ளாஸ்க்ல வெந்நீர், காலுக்கு தடிமனான அடி வச்ச ஷூ, தரையில கருங்கல்லு பாவியிருக்கும், குளிர் கீழ இருந்துதான் ஏறும்.

இல்ல, உக்காந்து வாத்துக்கறி விருந்து சாப்பிட்டே ஆகணும்னா மார்க்கெட்டை விட்டு கொஞ்சம் தள்ளி, வருஷம் முழுக்க நடக்குற ரெஸ்டாரன்ட்டா பாருங்க, அவங்களுக்கு ஜனவரிலயும் அதே ஊர் ஆளுங்க வந்து சாப்பிடணும். வாத்து சீசன் நவம்பர் 11 செயின்ட் மார்ட்டின் நாள்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும், நல்ல இடங்கள்ல முன்கூட்டியே சொல்லி வைக்கணும், சொல்லி வச்சாதான் அன்னிக்கு உங்களுக்காக அடுப்புல வைப்பாங்க. போன் பண்ணி கேக்க வேண்டியது: சைவத்துக்கு தனியா ஒரு சாப்பாடு இருக்கா இல்ல தொட்டுக்கறதை மட்டும் தட்டுல வைப்பீங்களா, கோஸை எதுல வதக்குறீங்க, டேபிள் எவ்வளவு நேரத்துக்கு, வர முடியலன்னா காசு போயிடுமா. இந்த நாலுக்கும் தெளிவா பதில் சொல்ற இடத்துல சாப்பாடும் தெளிவா இருக்கும். ரிவ்யூ படிக்கும்போது போன டிசம்பர்ல எழுதினதை மட்டும் படிங்க, ஜூலைல வெளிய தோட்டத்துல உக்காந்து பீர் குடிச்சவங்க குடுத்த அஞ்சு ஸ்டாரால நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. சாப்பிட வந்தவங்க எடுத்த மங்கலான போட்டோதான் நிஜம்.

அப்படியும் தப்பா போச்சுன்னா என்ன பண்றது. நான் பண்ணாதது இதுதான், அப்பவே சொல்லணும். ரெண்டு வாய்ல தெரிஞ்சிடும், உடனே ஸ்பூனை வச்சுட்டு கூப்பிடுங்க, தாஸ் இஸ்ட் லைடர் கல்ட், இது ஆறிப் போயிருக்குன்னு சொன்னா போதும், கத்த வேண்டாம், தட்டைக் காட்டினாலே புரியும், மாத்திக் குடுங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு, சரி பண்றதுக்கு அவங்களுக்கும் ஒரு வாய்ப்பு குடுத்த மாதிரி ஆச்சு. அதையும் மாத்தலன்னா விலையைக் குறைக்கச் சொல்லலாம். முழுசா சாப்பிட்டு முடிச்சுட்டு கேட்டா பேச்சு எடுபடாது. நான் அன்னிக்கு அம்மா முன்னாடி சண்டை எதுக்குன்னு பேசாம வந்துட்டு மறுநாள் நீளமா மெயில் எழுதினேன், நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்போமேன்னு ரெண்டு வரில பதில் வந்துச்சு, அவ்ளோதான், அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும். ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கணும், அதுவும் எடுக்கல. டிப்ஸும் கட்டாயம் இல்ல, மெனுல இருக்க விலையிலயே வரியும் சர்வீஸும் சேந்திருக்கும், நல்லா கவனிச்சவங்களுக்கு மனசாரக் குடுங்க, இல்லன்னா பில்லுல உள்ளதை மட்டும் குடுத்துட்டு வரலாம், தப்பே இல்ல.

தேதியும் கொஞ்சம் பாத்துக்கோங்க. நிறைய மார்க்கெட் 23 ஆம் தேதியோட முடிஞ்சிடும், நியூரம்பெர்க்ல 24 மதியம் 2 மணி வரைக்கும் இருக்கும். 24 மதியத்துக்கு மேல கடை எல்லாம் மூடிடுவாங்க, 25, 26 ரெண்டு நாளும் லீவு, அதனால வீட்டுல பெரியவங்க இருந்தா பாலும் தயிரும் காய்கறியும் 23 ஆம் தேதியே வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க.